முழுக்கை

ஜூன் 9

பொத்தானுக்கு அம்மா எழுதுவது.

போனில் பேசமாட்டாயாம், கடிதம் போட்டால் படிப்பாயாம். உன் சித்தி சொன்னாள். பெற்றவளுக்கே நிபந்தனை! சரி, எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் எழுதியதெல்லாம் ரசீதும் அளவும்தான். தோள், மார்பு, இடுப்பு, உயரம். அதற்குமேல் எழுத வராது. பிழை இருந்தால் நீயும் அவளும் சேர்ந்து சிரித்துக்கொள்ளுங்கள்.

காஜா அக்கா தினமும் வந்து உட்கார்ந்ததும், "பொத்தான் எப்ப வரும்?" என்று கேட்கிறாள். காஜா போடுகிறவளுக்குப் பொத்தானைக் காணாமல் கை ஓடவில்லையாம். அவளிடமும் கடைக்கு வருகிறவர்களிடமும் உனக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ வேறு மாதிரி எதையும் உளறிவிடாதே.

உன் சட்டைகளின் முழுக்கையை எல்லாம் பிரித்து அரைக்கை ஆக்கியதில் உனக்குக் கோபம். அதனால்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனாய் என்று எனக்குத் தெரியும். நீ இல்லாத நேரம் பார்த்துச் செய்தது தப்புதான். ஆனால் என் இடத்தில் யார் இருந்தாலும் என்ன செய்வார்கள்? மேல்தட்டிலிருந்து துணிக்கட்டை இறக்க நீ கையைத் தூக்கினாய். சட்டைக்கை சரிந்தது. பழைய தழும்பு, அதன்மேல் புதுசு. எனக்கு உயிரே போய்விட்டது. இத்தனை வருஷமாக, "வெயில்ல கறுத்துடுவேன்மா, முழுக்கையா தை" என்று நீ கேட்கக் கேட்க, மணிக்கட்டில் பட்டி வைத்து, இரண்டு பொத்தான் வைத்து, நானே தைத்துக் கொடுத்திருக்கிறேன். என் கண்ணில் மண்ணைத் தூவ என் கையாலேயே துணி. இனி மறைக்க முடியாது என்றால் செய்யமாட்டாய் என்று நினைத்துத்தான் பிரித்தேன்.

அந்த விஷயத்தைப் பற்றி யாரிடமும் நான் மூச்சு விடவில்லை. உனக்கு நான் என்ன குறை வைத்தேன், அதை மட்டும் சொல். அப்பா இல்லாத குறை தெரியக்கூடாது என்றுதானே இந்த மிஷினைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

அந்த விஷயத்தை இனிமேல் செய்யமாட்டேன் என்று என்மேல் சத்தியம் பண்ணியிருக்கிறாய். மறந்துவிடாதே.

அம்மா

பி.கு. வீட்டில் இருந்த கத்திரிக்கோலை எல்லாம் அலமாரியில் போட்டுப் பூட்டினேன் அல்லவா, சாவியைக் காணோம். பக்கத்துக் கடையில் கத்திரி இரவல் வாங்கித் துணி வெட்டுகிறேன். மானம் போகிறது.

*

ஜூன் 20

அம்மா,

சாவி அப்பா போட்டோவுக்குப் பின்னால் இருக்கிறது. நீ வைக்கும்போது நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒளித்து வைப்பதில் நீ இன்னும் தேற வேண்டும். உன் கத்திரிக்கோலை நான் ஒருநாளும் தொட்டதில்லை. எதை, எப்படி என்று கேட்காதே. அந்த விவரம் யாருக்கும் தேவையில்லை.

நீ அளந்துவிட்ட பொய் பலித்துவிட்டது. கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொரு கண்ணாடியாக மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்பது கடைக்காரப் பெரியவரின் வேலை. ஃபிரேமைச் சூடுகாட்டிக் காதுக்கு வளைப்பது, துடைப்பது, பெட்டியில் போட்டுக் கொடுப்பது என் வேலை. பாதிப் பேர் எதைப் போட்டாலும், "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்கிறார்கள். பெரியவருக்குத் தொண்டை வறண்டுவிடுகிறது. ஏன் போனில் பேசமாட்டேன் என்றால் இதனால்தான். நீ அழுவாய், நான், "ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன்.

"அந்த விஷயம்", "அந்த விஷயம்" என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பெயர் இருக்கிறது. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது. சித்தி என்னை இங்கே ஆஸ்பத்திரியில் ஓர் ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அம்மா அதைச் சாதாரணமாகச் சொன்னார், இருமல், சளி என்பதுபோல. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வேறு ஏதோ வந்தது.

நீ எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அன்றைக்கு என் கையைப் பார்த்ததும் நீ என்னை எதுவுமே கேட்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டாய். மாரில் அடித்துக்கொண்டாய். சுவரில் போய் முட்டிக்கொண்டாய். உன் நெற்றி புடைத்துவிட்டது. ஐஸ் வைத்து ஒற்றியது நான். காயம் எனக்கு, கவனிப்பு உனக்கு.

கோபத்தில் நான் வரவில்லை. காரணம் வேறு. இப்போது எழுத வரவில்லை.

பொத்தான்

*

ஜூலை 2

பொத்தான்,

சாவி கிடைத்தது. கத்திரிக்கோல்கள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு ஆத்திரம்தான் வந்தது. வயிற்றெரிச்சலில் ஒரு தாய் தலையில் அடித்துக்கொண்டதைக் குத்திக்காட்டுகிறாளே என்று. காஜா அக்காவிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். அவள் ஒரு சட்டைக்குக் காஜாவை வலது பக்கம் போட வேண்டியதை இடது பக்கம் போட்டுக் கோபத்தைத் தீர்த்துக்கொண்டாள்.

பிறகு யோசித்தேன். நீ சொல்வது நிஜம். ஐஸ் வைத்தது நீதான். அப்போதுகூட உன் கைக்கு மருந்து போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நான் கேட்க வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியும். கேட்கப் பயந்துகொண்டுதான் கத்தினேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. மிஷினை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திவிட்டு எழுதுகிறேன். நீ செத்துப்போக வேண்டும் என்றா அப்படிச் செய்தாய்?

பதில் எதுவாக இருந்தாலும் எழுது. நான் தாங்கிக்கொள்வேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் படிப்பேன்.

அம்மா

*

ஜூலை 14

அம்மா,

இல்லை. சாவதற்காக இல்லை.

நீ நேராகக் கேட்டுவிட்டாய். அதைப் படித்ததும் எனக்கு மூச்சு விட முடிந்தது. எப்போதாவது சாகத் தோன்றினால் அதை மறைக்காமல் சித்தியிடமோ அந்த ஆலோசகரிடமோ உடனே சொல்வதாக அவரோடு பேசி வைத்திருக்கிறேன். இனி உன்னிடமும் சொல்வேன்.

எதற்காக என்றால், அதை எழுதுவது கஷ்டம். முயற்சி செய்கிறேன். அப்பா படுக்கையில் கிடந்த அந்த வருஷம், நீ என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய், "அப்பா முன்னாடி அழுதுடாதடி, அவரு தாங்கமாட்டாரு" என்றாய். நான் அழவில்லை. மருந்து கரைத்துக் கொடுத்தேன், பேப்பர் படித்துக் காட்டினேன், ஜோக் அடித்தேன். அப்பா போன அன்றைக்கும் அழவில்லை. வந்தவர்கள் எல்லாரும், "எவ்வளவு தைரியமான பொண்ணு, அம்மாவுக்கு ஆம்பளப் புள்ள மாதிரி" என்றார்கள். நீயும் என் தோளைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாய். அதற்குப் பிறகு எனக்கு அழ வரவே இல்லை. வேண்டும் என்று உட்கார்ந்தாலும் வரவில்லை. உள்ளே ஒன்று ஏறிக்கொண்டே இருக்கும், வெளியே வர வழி இருக்காது. சில நாள் அதுகூட இல்லாமல் எல்லாம் மரத்துப்போயிருக்கும், நான் இருக்கிறேனா என்றே தெரியாது. அந்த மாதிரி நேரத்தில்தான். வலித்தால் கொஞ்ச நேரம் அடங்கும். கொஞ்ச நேரம்தான். பிறகு அசிங்கமாக இருக்கும், உன் முகத்தைப் பார்க்க முடியாது. அந்த அசிங்கம் சேர்ந்து சேர்ந்து மறுபடி ஏறும். நிறுத்தத் தெரியாமல் போனது இப்படித்தான்.

எல்லாருக்கும் இதே காரணம் இருக்காதாம். சிலர் தங்களையே தண்டிப்பதற்காகச் செய்வார்களாம். சிலருக்குச் சொல்ல வார்த்தை கிடைக்காது. உன்னைக் குத்திக்காட்ட நான் அன்றைக்கு அதை எழுதவில்லை அம்மா. நீ தலையில் அடித்துக்கொண்டதும் இதுதானே? உள்ளே இருந்ததைத் தாங்க முடியாமல் உன்னையே அடித்துக்கொண்டாய். நீ எல்லார் முன்னாலும் செய்யலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

சித்தி குளியலறையில் பாடுகிறாள். கொடுமையாக இருக்கிறது. சின்ன வயதிலும் இப்படித்தானா?

பொத்தான்

*

ஜூலை 25

கண்ணு,

சின்ன வயதில் இன்னும் மோசம். பக்கத்து வீட்டு நாய் ஓடிப்போய்விடும்.

உன் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். சமையலறையில் அப்படிச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உன் கையை இறுக்கிப் பிடித்திருந்தேன். அப்பாவைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அப்படிச் சொன்னேன். அவர் போன பிறகாவது, "இனிமே அழுடா" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன். வேலை தலைக்குமேல் கிடந்தது, யூனிஃபார்ம் சீசன், நீயும் அமைதியாக இருந்தாய். அமைதியான பிள்ளை கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். பாவி, சந்தோஷப்பட்டேன்.

ஒன்று மட்டும் எனக்குத் தாங்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஊரில் இருக்கிற பிள்ளைகளின் கையை எல்லாம் பிடித்து அளவெடுக்கிறவள் நான். உன்னை மட்டும் பதினாலு வயதுக்குப் பிறகு அளவெடுக்கவே விட்டதில்லை நீ. "பழைய சட்டைய வச்சு தைம்மா" என்பாய். பெரிய பெண் ஆகிவிட்டாள், வெட்கப்படுகிறாள் என்று விட்டுவிட்டேன். உன் அம்மாதானே நான்? கொன்றா போட்டிருப்பேன்?

அம்மா

*

ஆகஸ்ட் 8

அம்மா,

இதைச் சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ கேட்டுவிட்டாய்.

எனக்குப் பதினைந்து முடிந்த வருஷம். ஒரு பள்ளிக்கூடத்தில் யூனிஃபார்ம் அளவெடுக்கப் போனோம். பெரிய ஹால். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நீ நாடாவைப் பிடித்து அளவு சொல்வாய், நான் எழுதுவேன். ஒரு பெண் கையை நீட்டவே மாட்டேன் என்றாள். என்னைவிட ஒரு வயது பெரியவளாக இருப்பாள். "நேரமாவுதுடி" என்று நீ அவள் கையைப் பிடித்து இழுத்தாய், சட்டைக்கை மேலே ஏறிவிட்டது. உடனே, "டீச்சர், இங்க வாங்க, இந்தப் பொண்ணு கையப் பாருங்க!" என்று கூப்பிட்டாய். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "வீட்டுல செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்காங்க. நாலு பேரு பாக்கணும்னே பண்ணுதுங்க. என் வயித்துல பொறந்திருந்தா தோலை உரிச்சிருப்பேன்" என்றாய். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். என் கையில், துப்பட்டாவுக்கு அடியில், அப்போதே இருந்தது அம்மா. உன் தோளில் உரசிக்கொண்டு அந்தக் கைதான் இருந்தது.

அந்த வாரம்தான் முதல் முழுக்கைச் சட்டை கேட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஒரேயடியாகத் தீரட்டும். உன்மேல் பண்ணிய சத்தியத்தை நான் காப்பாற்றவில்லை. சில நாளிலேயே உடைத்துவிட்டேன். கை தெரியும் என்பதால் வேறு இடம். அரைக்கைச் சட்டை அதைத்தான் செய்தது. மறுநாள் காலையில் நீ துணி வெட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே மேஜையிலிருந்து சரிந்து மயங்கி விழுந்தாய். காஜா அக்கா அலறினாள். ஆட்டோவில் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போகும்போது எனக்கு ஒன்றுதான் தோன்றியது. நான் சத்தியத்தை உடைத்தேன், அம்மா சாகப் போகிறாள். டாக்டர், "ஒண்ணுமில்ல, ரொம்பக் களைப்பு" என்று சொன்ன பிறகும் அது போகவில்லை. அடுத்த முறையும் என்னால் நிறுத்த முடியாது என்று எனக்குத் தெரியும். உன் பக்கத்தில் இருந்தால் உன்னைக் கொன்றுவிடுவேன் என்று பயந்துதான் வந்தேன். சட்டைக்காக இல்லை.

படித்தவள் போலப் பேசுகிறேன், ஆனால் இதை இன்னமும் பாதி நம்புகிறேன்.

பொத்தான்

*

ஆகஸ்ட் 31

கண்ணு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுதி எழுதிக் கிழித்தேன்.

அந்த ஹாலும் அந்தப் பெண்ணும் எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. நீ எழுதிய பிறகுதான், மெதுவாக, ஒவ்வொன்றாக வந்தது. ரிப்பன் வைத்துப் பின்னிய இரட்டை ஜடை. நான் கூப்பிட்டதும் அவள் கையை மறைக்கக்கூட இல்லை. அப்படியே நின்றாள். நான் அவளுக்கு நல்லது செய்ததாக நினைத்து அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். அவள் எங்கே இருக்கிறாளோ தெரியாது. மன்னிப்புக் கேட்க ஒரு முகவரிகூட இல்லை. உன்னிடமாவது கேட்க முடிகிறது. பஸ்ஸில் நான் பேசியது தப்பு, தெரியாமல் பேசிய தப்பு இல்லை, தெரிந்துகொள்ளவே விரும்பாமல் பேசிய தப்பு. தோலை உரிப்பேன் என்றேன். அதைக் கேட்டுக்கொண்டு என் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது நான் மயங்கி விழுந்த கதை. அதை உன்னிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். டாக்டர் களைப்பு என்றது எனக்காக. நான்தான் அப்படிச் சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன். உன் கையைப் பார்த்த நாளிலிருந்து நான் சாப்பிடவில்லை. காலையில் ஒரு டம்ளர் தண்ணீர், நீ பார்க்கிற நேரத்தில் தட்டில் எதையாவது பிசைந்துகொண்டு உட்காருவேன், நீ எழுந்ததும் கொட்டிவிடுவேன். விரதம் என்று நினைக்காதே, எந்தச் சாமிக்கும் வேண்டிக்கொள்ளவில்லை. என் பிள்ளை இப்படி இருக்க எனக்கென்ன சோறு என்று தோன்றியது. பசி வயிற்றைப் பிடுங்கும்போது, சொன்னால் வெட்கக்கேடு, கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. பட்டினி கிடக்கும் வரை மனசு என்னைத் திட்டுவதை நிறுத்தியிருந்தது. சாப்பிட்டால் மறுபடி ஆரம்பிக்கும்.

நீ ஜூலையில் எழுதியதைப் படித்தபோதே எனக்குச் சுருக்கென்றது. ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. நீ அறைக்குள் மறைத்தாய், நான் தட்டில் மறைத்தேன். ஒரே வீட்டில் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து தன்னைத் தானே தண்டித்துக்கொண்டிருந்திருக்கிறோம். நடுவில் மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அதனால் கேட்டுக்கொள். நான் விழுந்தது உன்னால் இல்லை, சத்தியத்தால் இல்லை. பட்டினியால். அந்தச் சத்தியத்தை நான் வாங்கியிருக்கவே கூடாது. உன் கழுத்தில் கல்லைக் கட்டிவிட்டு நீந்து என்றிருக்கிறேன். அதை இன்றோடு பிரித்துவிட்டேன். தையலைப் பிரிக்க எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இனி நீ செய்தாலும் எனக்கு ஒன்றும் ஆகாது, செய்யாவிட்டாலும் எனக்கு ஆயுசு கூடாது. நீ செய்யக்கூடாது என்றுதான் என் ஆசை, அதை மறைக்கவில்லை. ஆனால் செய்துவிட்டால் என்னிடம் சொல்லலாம் என்பது அதைவிடப் பெரிய ஆசை.

போன வாரம் அதே மாதிரி ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அளவெடுக்கிற இடத்தை ஒரு திரை போட்டு மறைக்கச் சொன்னேன். சட்டைக்கு மேலேயே நாடாவைப் பிடித்தேன், யார் கையையும் இழுக்கவில்லை. அரை அங்குலம் முன்னே பின்னே இருந்தால் இருக்கட்டும். பிறகு சரிசெய்து கொடுத்துக்கொள்ளலாம்.

இப்போது சாப்பிடுகிறேன். காஜா அக்கா எதிரில் உட்கார்ந்து போலீஸ்காரன் மாதிரி பார்க்கிறாள்.

அம்மா

*

செப்டம்பர் 12

அம்மா,

உன் கடிதத்தைச் சித்தியிடம் காட்டினேன். கோபப்படாதே. "என் அக்கா இவ்வளவு எழுதுவாளா?" என்றாள், பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே துணி மடித்தாள்.

நீ பட்டினி கிடந்தது எனக்குத் தெரியவில்லையே. எதிரில்தானே உட்கார்ந்திருந்தேன். இப்போது எனக்குப் புரிகிறது, உனக்கு என் கை எப்படித் தெரியாமல் போனது என்று. நாம் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கவில்லை. மறைக்கிறவள் நன்றாக மறைத்தால் அவ்வளவுதான்.

தோன்றும்போது கொஞ்ச நேரம் தள்ளிப்போடப் பழகிக்கொண்டிருக்கிறேன். அது அலை மாதிரி, ஏறும், பிறகு தானாக இறங்கும் என்கிறார் ஆலோசகர். இறங்கும் வரைக்கும் கையை எதிலாவது வைத்திரு என்றார். நான் பழைய ஃபிரேம்களை எடுத்துத் துடைக்கிறேன். இப்போது சித்தியின் கண்ணாடிதான் வீட்டிலேயே பளபளப்பான பொருள். சில நாள் பலிக்கிறது.

இனிமேல் தினமும் என்ன சாப்பிட்டாய் என்று எழுது. நான் நம்பமாட்டேன், ஆனாலும் எழுது.

பொத்தான்

*

அக்டோபர் 17

அம்மா,

இந்தக் கடிதத்தை எழுதலாமா வேண்டாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று மறுபடி நடந்துவிட்டது.

கடையில் ஒருவருடைய கண்ணாடியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து கத்தினார்கள். பெரியவர் திட்டவில்லை, "விடும்மா, நடக்கறதுதான்" என்றார். வீட்டுக்கு வந்து சித்தியிடம் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னேன். அவள் என் முதுகில் தட்டி, "நீ எதையும் தாங்குவடி, தைரியமான பொண்ணு" என்றாள். நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் உள்ளே எல்லாம் இழுத்து மூடிக்கொண்டது. ஃபிரேம்களைத் துடைத்தேன். இறங்கவில்லை.

பெரிய காயம் இல்லை. சுத்தம் செய்து மருந்து போட்டுவிட்டேன். இன்று காலையில் சித்தியிடம் சொன்னேன், அவள் பயந்தாள், ஆனால் கத்தவில்லை. ஆலோசகரிடம் நாளை போகிறோம். சாகத் தோன்றவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இத்தனை மாதம் சமாளித்தது எல்லாம் வீணாகிவிட்டது என்று இருக்கிறது. உன் சோறு உன் தொண்டையில் இறங்காமல் போய்விடுமோ என்றும் இருக்கிறது. சொல்லாமல் விட்டிருந்தால் உனக்கு நிம்மதி. ஆனால் நீ சொல்லலாம் என்று எழுதியிருந்தாய். நடந்ததை நடந்த மறுநாளே நான் உனக்குச் சொல்வது இதுதான் முதல் தடவை.

பொத்தான்

*

அக்டோபர் 22

என் கண்ணு,

கடிதம் கைக்கு வந்தது. படித்தேன்.  எழுந்து பஸ் பிடிக்கக் கிளம்பி, செருப்பை மாட்டி, மறுபடி கழற்றி வைத்தேன். நான் பாய்ந்து வந்து நின்றால் நீ மறுபடி எனக்கு ஐஸ் வைக்க வேண்டியிருக்கும்.

இப்போது வலி எப்படி இருக்கிறது? மருந்தைத் தினமும் போடு. ஆறாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டு, கூச்சப்படாதே. ஆலோசகர் என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்ல வேண்டும் என்றால் சொல், வேண்டாம் என்றால் விடு.

வீணாகவில்லை. நான் எத்தனை சட்டையைத் தைத்துப் பிரித்து மறுபடி தைத்திருக்கிறேன் தெரியுமா? பிரித்ததால் துணி காணாமல் போய்விடுவதில்லை.

கடிதம் வந்த அன்றைக்குக் காலையில் சாப்பிட்டேன். மத்தியானம் காஜா அக்காவின் டப்பாவிலிருந்தும் பிடுங்கிச் சாப்பிட்டேன். ராத்திரி தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது மனசு, "உனக்கென்ன சோறு" என்று ஆரம்பித்தது. "சும்மா கிட" என்று சொல்லிவிட்டு முழுசாகச் சாப்பிட்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது. நீ சொன்னதற்கு நான் செய்யக்கூடியது இப்போதைக்கு அது ஒன்றுதான்.

நீ தைரியமான பெண் இல்லை. என் பெண், அவ்வளவு போதும். உன் சித்திக்கும் தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறேன், அந்தச் சொல்லை இனி இந்தக் குடும்பத்தில் யாரும் உன்னைப் பார்த்துச் சொல்லக்கூடாது என்று.

பிரித்த முழுக்கைகளை நான் தூக்கி எறியவில்லை. ஒரு பையில் கட்டிப் பரண்மேல் போட்டிருந்தேன். எடுத்துத் துவைத்து, இஸ்திரி போட்டு, ஒவ்வொரு சட்டைக்கும் அதனதன் கையைத் தேடி வைத்து மறுபடி தைத்துவிட்டேன். பார்சலில் அனுப்புகிறேன். எதைப் போடுவது, எப்போது மடித்துவிடுவது என்பது உன் இஷ்டம். புதுசாக இரண்டும் தைக்கலாம் என்று துணி எடுத்து வைத்திருக்கிறேன். பழைய அளவு இனி உதவாது, மாறியிருப்பாய். உன் அளவைச் சித்தியை எடுக்கச் சொல்லி எழுதி அனுப்பு.

அம்மா

*

நவம்பர் 3

அம்மா,

பார்சல் வந்தது. நீலச் சட்டைக்கு வெள்ளைச் சட்டையின் கையை வைத்துத் தைத்திருக்கிறாய். இத்தனை வருஷத் தையல்காரி! கண்ணாடி போட வேண்டும் உனக்கு. எங்கள் கடைக்கு வா, பெரியவர் உன்னை உட்காரவைத்து, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்பார். நீயும், "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்பாய், பார்த்துக்கொண்டிரு.

அந்தச் சட்டையைப் பிரிக்காதே. அதைத்தான் இன்றைக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். காயம் ஆறிவிட்டது. நேற்று மாலை மறுபடி ஏறியது, சித்தியிடம் போய், "எனக்கு இப்ப நல்லா இல்ல, பக்கத்துல உக்காரு" என்றேன். அவள் பாடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சும்மா உட்கார்ந்திருந்தோம். இறங்கியது.

அளவை எழுதி அனுப்பமாட்டேன். சித்தி எடுக்க வந்தாள், வேண்டாம் என்றுவிட்டேன். நாடாவை எடுத்துக்கொண்டு நீ வா. தோள், மார்பு, உயரம் எல்லாம் எடு. கை அளவைக் கடைசியாக எடு. நானே மடித்துவிட்டு நீட்டுகிறேன், நீ இழுக்க வேண்டாம். பார்த்துவிட்டு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வராதே. எதுவும் சொல்ல வேண்டாம், அளவை மட்டும் சொல், நான் எழுதிக்கொள்கிறேன். உனக்கு அழுகை வந்தால் அழு. எனக்கும் வரும் என்று நினைக்கிறேன். அப்பாவுக்காக அழாமல் வைத்ததெல்லாம் அப்படியே இருக்கிறது அம்மா, அதை உன்னோடு சேர்ந்துதான் அழ வேண்டும்.

மூன்றாவது மாடி. லிஃப்ட் ஓடாது. மெதுவாக ஏறி வா, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பு.

பொத்தான்